சின்ன பெட்ரோல் இன்ஜின்: புகைக்கு என்ன வழி? – கேள்வி பதில்

குலசேகரத்திலிருந்து: அண்ணே, ரப்பர் தோட்டத்துல புல்லு வெட்டுற டூ ஸ்ட்ரோக் மெஷின் நீலமா புகை கக்குது, ரேஸ் கொடுத்தா ஏற மாட்டேங்குது. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்க்கட்டா?

ஸ்க்ரூவைத் தொடாதீங்க. நீலப் புகைன்னா ஆயில் கூடிப்போச்சு, பெட்ரோல்-ஆயில் கலவையைப் பாருங்க. 50:1 மெஷினுக்கு (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக்குக்கான 2T ஆயில்), 25:1 என்றால் 40 மில்லி. உங்க மெஷினுக்கு எதுன்னு கூட வந்த புத்தகத்துல இருக்கும். குத்துமதிப்பா ஊத்துறதை விட்டுட்டு, மருந்துக்கடை சிரிஞ்சால அளங்க.

மிச்ச ஆயில் எரியாம சைலன்சர் வாயிலுள்ள தீப்பொறி வலையில் கரியா அப்பிக்கும். புகை போக வழி இல்லாட்டி ரேஸ் எப்படி ஏறும்? இன்ஜின் ஆறினதும் வலையைக் கழற்றி பித்தளை பிரஷ்ஷால தேய்ங்க. கிழிஞ்சிருந்தா புதுசு போடுங்க. வலை இல்லாம மட்டும் ஓட்டாதீங்க. இலை உதிர்ந்து காய்ஞ்சு கிடக்கிற தோட்டத்துல ஒரு பொறி போதும்.

அப்பவும் சரியாகலேன்னா சைலன்சரைக் கழற்றி, கயிற்றை மெல்ல இழுத்து, புகை வெளிய போற துவாரத்தை பிஸ்டன் மூடுற இடத்துல நிறுத்தி, ஓரத்துக் கரியை மரக்குச்சியால சுரண்டி ஊதி விடுங்க. ஸ்க்ரூ டிரைவர் போட்டா பிஸ்டன்ல கோடு விழும்.

அருமனையிலிருந்து: 50:1 மெஷினுக்கு ஆயிலை 10 மில்லியா குறைச்சா புகையே வராதுல்லா?

புகையும் வராது, பிஸ்டனும் மிஞ்சாது.

தோவாளையிலிருந்து: வாழைக்குத் தண்ணி இறைக்கிற ஃபோர் ஸ்ட்ரோக் பம்ப். கறுப்புப் புகை, பெட்ரோலும் அதிகமா குடிக்குது.

கறுப்புன்னா காற்று பத்தல. சோக் (ஸ்டார்ட் பண்ணும்போது காற்றைக் குறைக்கிற மூடி) முழுசா திறந்திருக்கா பாருங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டரை சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காயவெச்சு, இன்ஜின் ஆயில்ல நனைச்சுப் பிழிஞ்சு போடுங்க. ஆயில் அளவுக்கு மேல இருந்தாலும் பிரீதர் (இன்ஜினுக்குள்ள உள்ள காற்று வெளிய போற குழாய்) வழியா ஃபில்டருக்கு வந்து அடைக்கும். பல 163 சிசி இன்ஜின்களுக்கு 0.6 லிட்டர்தான்.

குளச்சலிலிருந்து: மாசக்கணக்கா கிடந்த ஜெனரேட்டர். சோக் போட்டாத்தான் அணையாம ஓடுது, ரேஸ் ஏறி ஏறி இறங்குது.

கார்புரேட்டர்ல உள்ள சின்ன ஜெட் (பெட்ரோல் போற துளை) அடைச்சிருக்கு. இப்போதைய பெட்ரோல்ல எத்தனால் இருக்கு. கடலோர ஈரத்தை இழுத்து, தண்ணி அடியில தங்கும். பெட்ரோல் வர்ற குழாய்த் திருகை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை கண்ணாடிக் குப்பியில வடிச்சா அடியில தனியா தெரியும். ஜெட்டை கார்ப் கிளீனர் அடிச்சு ஊதுங்க. கம்பி விட்டுக் குத்தினா துளை பெரிசாகி, தோவாளைக்காரர் கதைதான் உங்களுக்கும். இனி நிறுத்தி வைக்கும்போது டேங்கைக் காலி பண்ணி, தானா அணையிற வரை ஓட்டி விடுங்க.

அவரே: மழைக்கு சிட்அவுட்ல வெச்சு ஓட்டலாமா?

கூடவே கூடாது. புகையோட வர்ற கார்பன் மோனாக்சைடு விஷவாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. புகை தெரியாத நல்ல இன்ஜின்லயும் அது வரும். வீட்டுக்கு 20 அடிக்கு அப்பால, சைலன்சர் வாய் ஜன்னலைப் பார்க்காம வெளிப்பக்கமா திரும்பி இருக்கணும். மேலே கூரை மட்டும் போதும், நாலு பக்கமும் திறந்து கிடக்கட்டும்.