குதிரை மூடிப் பாத்திரம்: தரகருக்கு 40,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: கப்பலில் வேலை பார்த்த என் மாமனார் 1980களில் ஏதென்ஸில் ஒரு கடையிலிருந்து மூடி போட்ட மண்பாத்திரம் ஒன்றை வாங்கி வந்தார். மூடியின் மேல் மூன்று குதிரைகள், சுற்றிலும் கறுப்புக் கோடுகளில் கட்டங்கள், நடுநடுவே ஸ்வஸ்திகா. அவர் மறைந்த பிறகு வீட்டுக்கு வந்த ஒரு தரகர், “இது 2,700 வருடப் பழசு. ஆய்வகச் சான்று வாங்க 40,000 ரூபாய் கொடுங்கள், வெளிநாட்டில் கோடிக்கு விற்றுத் தருகிறேன்” என்கிறார். போனில் படமும் எடுத்துப் போயிருக்கிறார். நம்பலாமா? வீட்டில் வைத்திருப்பதால் ஏதாவது வழக்கு வருமா? – வாசகி, கோவை

பதில்: முதலில் பணம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

உங்களிடம் இருப்பது பிக்ஸிஸ் என்ற பாத்திரத்தின் வடிவம். பெரிய குங்குமச் சிமிழ் போல அகலமாக, தட்டையாக இருக்கும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் குயவர்கள் இதைச் செய்தார்கள். மூடியின் கைப்பிடியாக ஒன்று முதல் நான்கு குதிரைகள் வரை வைப்பார்கள். குதிரை வளர்க்க வசதியுள்ள குடும்பம் என்பதற்கு அது அடையாளம். ஏதென்ஸில் கெராமெய்கோஸ், அகோரா பகுதிகளின் பழைய கல்லறைகளில் இவை கிடைத்தன, அங்குள்ள அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பார்க்க அழகாக இருப்பதால் சுற்றுலாக் கடைகளில் இதன் நகல்கள் நிறைய விற்கின்றன. உங்கள் மாமனார் கடையில் காசு கொடுத்து வாங்கியது அப்படி ஒரு நகல் என்றே நான் நினைக்கிறேன்.

நீங்களே பார்க்கச் சில விஷயங்கள் சொல்கிறேன். பாத்திரத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். அசல் பிக்ஸிஸ் பலவற்றில் அடியிலும் நட்சத்திரம், பூ என்று வேலைப்பாடு இருக்கும். நகலின் அடி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், அல்லது கையால் செய்தது, அருங்காட்சியக நகல் என்று எழுதியிருக்கும், ஸ்டிக்கர் ஒட்டிய தடமாவது தெரியும். அடுத்து குதிரையின் வயிற்றில் விரலை ஓட்டுங்கள். நேராக ஒரு மெல்லிய மேடு தட்டுப்பட்டால் அது அச்சில் வார்த்தது. அந்தக் காலத்துக் குயவர் கையாலேயே உருட்டி ஒட்டினார், அதனால் மூன்று குதிரையும் மூன்று மாதிரி இருக்கும். கறுப்பையும் பாருங்கள். அவர்கள் பெயின்ட் அடிக்கவில்லை. இரும்புச்சத்துள்ள களிமண்ணை மிக மென்மையாகக் கரைத்துப் பூசி, சூளையில் காற்றை விட்டு, பிறகு அடைத்து, மறுபடி விட்டுச் சுட்டார்கள். சூடு சமமாகப் படாத இடத்தில் அந்தக் கறுப்பு பழுப்பாக, சிவப்பாகத் திரும்பியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே கறுப்பு என்றால் சந்தேகப்படுங்கள்.

ஸ்வஸ்திகாவை வைத்து “இந்தியத் தொடர்பு, அதனால் விலை இன்னும் கூடும்” என்று தரகர் சொல்லியிருந்தால் அது சுத்தப் பொய். அந்தக் காலத்து ஏதென்ஸ் பாத்திரங்களில் இடத்தை நிரப்ப ஸ்வஸ்திகாவைச் சர்வசாதாரணமாகப் போடுவார்கள். இதே ஆட்கள் அடுத்து “அரிக்கமேட்டில் கிடைத்த யவனர் பானை” என்றும் ஆரம்பிப்பார்கள். அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக்கடல் சாடிகளும் இத்தாலியக் கிண்ணங்களும் இந்த வகைப் பிக்ஸிஸுக்கு 700 வருடம் பிந்தியவை.

சரி, அந்த ஆய்வகச் சான்று? வெப்ப ஒளிர்வுச் சோதனை என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. சுட்ட மண் கடைசியாகச் சூளையை விட்டு வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அது சொல்லும். 20 சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் 40 வருடத்தையும் 2,700 வருடத்தையும் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் அதற்குப் பாத்திரத்தில் சிறு துளை போட்டு மண்தூள் எடுக்க வேண்டும், அதுவும் பயிற்சி பெற்றவர், மங்கலான வெளிச்சத்தில். போனில் எடுத்த படத்துக்கு எந்த ஆய்வகமும் இந்தச் சான்று தராது. வேறு ஏதோ பானையின் சான்றை உங்கள் படத்தோடு ஒட்டி நீட்டுவார்கள். தூள் எடுத்த இடத்தின் படம் இல்லாத சான்றைக் கையில்கூட வாங்காதீர்கள்.

மூடி போட்ட பாத்திரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு, இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உடல் பழையதாகவும் மூடி புதிதாகவும் இருக்கலாம். மூடி பழையதாக இருந்து, குதிரைகள் மட்டும் பிறகு ஒட்டியதாகவும் இருக்கலாம். சந்தையில் குதிரைக்குத்தான் மதிப்பு என்பதால் இந்த வேலை நடக்கிறது. எனவே அடியில் மட்டும் தூள் எடுத்த சான்று மூடியைப் பற்றி எதுவும் சொல்லாது. உடல், மூடி, குதிரை மூன்றிலும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அசலில் மூடியை நூலால் கட்ட விளிம்பில் சிறு துளைகள் இருக்கும். மூடியின் துளையும் உடலின் துளையும் நேருக்கு நேர் வருகிறதா என்று திருப்பிப் பாருங்கள். அதே சமயம், உடைந்த குதிரைக் காலைப் பிளாஸ்டரில் செய்து வண்ணம் பூசியிருப்பது மட்டுமே போலிக்கு ஆதாரம் ஆகாது. அசல்களையும் அப்படித்தான் செப்பனிடுகிறார்கள். நெயில் பாலிஷ் ரிமூவரால் தேய்த்து, வண்ணம் வந்தால் போலி என்று முடிவு கட்டுகிறார்களே, அது இங்கேதான் தவறிப்போகிறது. அதை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஒருவேளை அசலாகவே இருந்தால்? அப்போதும் கோடி கிடையாது. பழம்பொருட்கள் அரசுக்குச் சொந்தம் என்ற கிரேக்கச் சட்டம் 1899 முதலே இருக்கிறது, 2002ஆம் ஆண்டின் 3028 எண் சட்டம் 2021இல் 4858 எண் சட்டமாகத் தொகுக்கப்பட்டது. அனுமதியின்றி நாட்டை விட்டு வந்த பொருளைத் திருப்பிக் கேட்பார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 1972இல் பத்து லட்சம் டாலர் கொடுத்து வாங்கிய, இத்தாலியில் தோண்டியெடுத்த யூஃப்ரோனியோஸ் கலத்தையே (யூஃப்ரோனியோஸ் அதை வரைந்த பழங்கால ஏதென்ஸ் ஓவியர்) 2008இல் இத்தாலிக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. நம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உள்நாட்டில் பழம்பொருள் வியாபாரம் செய்யவும் உரிமம் வேண்டும். அந்தத் தரகரிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நகல் என்று தெரிந்துகொள்ள ஒரு சாதாரண மனிதர் எங்கே போவது? ஆராய்ச்சி நிறுவனங்களில் கருவி இருக்கிறது, வீட்டுப் பொருளோடு வருகிறவருக்கு எளிதான வாசல் இல்லை. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்றால், பழசாக இருந்தால் அனுப்பக் கூடாது, பழசா என்று அறியத்தான் அனுப்பவே வேண்டும். இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நகலை வைத்திருப்பதில் எந்தத் தவறும் இல்லை, பயப்படாதீர்கள். மாமனாரின் பழைய பெட்டியில் கடை ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள், கிடைத்தால் பாத்திரத்தோடு வையுங்கள். நான் சொன்னவற்றைப் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் மேல், பக்கம், அடி, மூடியின் உள்பக்கம் என ஸ்கேல் வைத்துப் படமெடுத்து, டெல்லியில் உள்ள கிரேக்கத் தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அதுவரை கழுவ வேண்டாம், படிந்திருக்கும் மண்ணைச் சுரண்ட வேண்டாம். மூடியைத் திறக்கும்போது குதிரையைப் பிடித்துத் தூக்காதீர்கள். கால் ஒட்டிய இடம்தான் முதலில் விடும், விளிம்பை இரு கையாலும் பிடித்து எடுங்கள்.