இனப்பிரிவினையை எதிர்த்த அமெரிக்க எழுத்தாளர்களில், பலருக்குத் தெரியாத ஒருவரைச் சொல்ல முடியுமா?

என்னைக் கேட்டால் லில்லியன் ஸ்மித். புகழ்பெற்ற கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினைப் பற்றி எப்படியும் யாராவது எழுதிவிடுவார்கள். அதனால், பிரிவினையின் சுகங்களை அனுபவித்த பக்கத்தில் பிறந்து, அந்தப் பக்கத்தையே தோலுரித்த இந்த அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

1897ல் ஃப்ளோரிடாவின் ஜாஸ்பரில், வசதியான வெள்ளையர் வீட்டில் பிறந்தவர். அப்பாவின் தொழில் நொடித்துப் போனதால் 1915ல் குடும்பம் ஜார்ஜியா மலைப்பக்கம் கிளேட்டன் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. இடையில் சில வருடங்கள் சீனாவில் ஒரு மிஷன் பள்ளியில் இசை கற்பித்தார். திரும்பி வந்து, அப்பா தொடங்கிய லாரல் ஃபால்ஸ் என்ற சிறுமிகள் கோடை முகாமை 1948 வரை நடத்தினார். வந்ததெல்லாம் தென்மாநிலப் பணக்கார வெள்ளையர் வீட்டுப் பெண்கள். நீச்சலும் நாடகமும் கற்கப் பிள்ளையை அனுப்பினால் அங்கே நிறவெறி பற்றியும் பேச்சு நடக்கிறது! தோழி பாலா ஸ்னெல்லிங்கோடு சேர்ந்து 1936ல் ஒரு சிறுபத்திரிகையும் தொடங்கினார். கறுப்பின எழுத்தாளர்களையும் வெள்ளையர்களையும் ஒரே இதழில் போடுவது அந்த ஊரில் அப்போது சின்ன விஷயம் இல்லை.

1944ல் வந்த 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' நாவல்தான் அவரைப் பிரபலமாக்கியது. படித்த கறுப்பினப் பெண்ணுக்கும் வெள்ளை இளைஞனுக்கும் காதல். பாஸ்டனில் தடை, டெட்ராய்டில் தடை, தபாலில் அனுப்பவும் தடை. அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோர் கணவரிடம் பேசிய பிறகுதான் தபால் தடை நீங்கியது. இத்தனை கலவரத்தில் புத்தகம் நன்றாக விற்றது, கேட்கவா வேண்டும். ஆனால் என் கணக்கில் அந்த நாவல் சுமார்தான்.

அவருடைய உண்மையான சாதனை 1949ல் வந்த 'கில்லர்ஸ் ஆஃப் த ட்ரீம்' என்ற கட்டுரை நூல். அதில் சின்ன வயதுச் சம்பவம் ஒன்று வரும். ஊரின் கறுப்பர் குடியிருப்பில் வெள்ளையாக ஒரு சிறுமி இருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ கடத்தி வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, ஊர்ப் பெண்மணிகள் அவளை மீட்டு லில்லியன் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். மூன்று வாரம் இருவரும் ஒரே அறையில் தூங்குகிறார்கள், ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு தொலைபேசி அழைப்பு: அந்தப் பெண் கறுப்பினத்தவள்தானாம். உடனே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஏன் என்று மகள் விடாமல் கேட்க, அம்மாவிடமிருந்து வருவது உனக்கு இது புரியாது, இனி இதைப் பற்றிப் பேசாதே என்ற பதில்தான். கடவுள் அன்பானவர் என்று சொல்லிக்கொடுத்த அதே அம்மா! பிரிவினை சட்டப் புத்தகத்தில் மட்டும் இல்லை, பாசமுள்ள பெற்றோர் பிள்ளைக்கு ஊட்டி வளர்க்கும் பழக்கமாக இருக்கிறது, அது அந்த வெள்ளைக் குழந்தையின் மனதையும் சேர்த்தே கெடுக்கிறது என்கிறார் லில்லியன். இதை இவ்வளவு கூசாமல், தன் வீட்டையே சாட்சிக்கு இழுத்துச் சொன்ன தென்மாநில வெள்ளையர் அப்போது மிகக் குறைவு.

"மெதுவாக மாறட்டும்" என்று சொன்ன மிதவாதிகளையும் அவர் விடவில்லை. அட்லாண்டாவின் பிரபல பத்திரிகை ஆசிரியர் ரால்ஃப் மெக்கில்லோடு அவருக்கு ஆகவே ஆகாது. வேடிக்கை என்னவென்றால், 1963ல் மார்ட்டின் லூதர் கிங் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், போராட்டத்தைப் புரிந்துகொண்ட வெள்ளையர்கள் என்று இருவர் பெயரும் அடுத்தடுத்து வருகிறது.

கிங் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 1960 மே மாதம், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த லில்லியனை கிங் காரில் எமரி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். கறுப்பின ஆண் ஓட்ட, வெள்ளைப் பெண் உட்கார்ந்திருக்கும் காரை போலீஸ் நிறுத்தாமல் விடுமா? கிங்கிடம் இருந்தது அலபாமா லைசென்ஸ், ஜார்ஜியாவுக்கு மாற்றவில்லை என்று வழக்கு. 25 டாலர் அபராதம், ஒரு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அக்டோபரில் அட்லாண்டா கடை மறியலில் கைதானபோது, இந்தப் பழைய வழக்கைக் காட்டித்தான் அவருக்கு நான்கு மாதக் கடுங்காவல் விதித்து ரீட்ஸ்வில் சிறைக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் அதிபர் தேர்தல் வேட்பாளர் கென்னடி, கிங்கின் மனைவி கொரெட்டாவுக்கு போன் போட்டு ஆறுதல் சொன்னார். அந்த நெருக்கமான தேர்தலில் கறுப்பின வாக்குகள் அவர் பக்கம் சாய அந்த போனும் ஒரு காரணம் என்பார்கள்.

லில்லியன் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. 1955ல் அவர் இடத்துக்குத் தீ வைத்ததில் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் ஏராளமாக எரிந்துபோயின. 1953லிருந்து புற்றுநோயோடு போராடிக்கொண்டே எழுதி, 1966ல் இறந்தார்.

படிக்க நினைத்தால் நாவலில் ஆரம்பிக்காதீர்கள். கட்டுரை நூலை 1961ல் அவரே திருத்தி மறுபடி வெளியிட்டார், அதை எடுங்கள். சில இடங்களில் பிரசங்கம் நீளும், தாராளமாகத் தாண்டிப் போகலாம்.