மூணாறு எஸ்டேட்டில் பார்வையற்ற தகப்பனாரின் வாக்கு

வணக்கம் ஐயா. பார்வையற்ற உங்கள் தகப்பனாருக்காகக் கடந்த தேர்தலில் வாக்குச்சாவடி அலுவலரே பொத்தானை அழுத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு விதியில் இடமே இல்லை. 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 49-என் விதியின்படி, 18 வயது நிறைந்த ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துச் செல்ல உங்கள் தகப்பனாருக்கு உரிமை உண்டு. வாக்கின் இரகசியத்தைக் காப்பதாகவும், அன்று வேறு எவருக்கும் துணைபோகவில்லை என்றும் அந்தத் துணைவர் உறுதிமொழி தர வேண்டும்.

ஆனால் உங்கள் தகப்பனார் பிரெயில் படிப்பவர் என்கிறீர்கள். அப்படியானால் தனியாகவே வாக்களிக்கட்டும் என்பதே என் கருத்து. பிரெயில் மாதிரி வாக்குச்சீட்டை முதலில் கேட்டு வாங்கி, வேட்பாளரின் வரிசை எண்ணைத் தடவி அறிந்துகொண்டால், இயந்திரத்தில் நீலப் பொத்தானை ஒட்டி அதே எண் பிரெயிலில் விரலுக்குத் தட்டுப்படும். வாக்கு பதிவானதும் நீண்ட பீப் ஒலி கேட்கும். வாக்கு யாருக்குப் பதிவானது என்று காட்டும் விவிபேட் சீட்டோ கண்ணாடிக்குப் பின்னால் 7 நொடிகள் மட்டுமே தெரியும். தனியே செல்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லாதது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் குறை.

மலைப்பாதையில் இறங்கி வருவது கடினமென்றால், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறனாளிச் சான்றுடன், தேர்தல் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் 12-டி படிவத்தை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அது ஏற்கப்பட்டபின் சாவடியில் வாக்களிக்க முடியாது என்பதால், தகப்பனாரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஐயமிருந்தால் 1950 என்ற வாக்காளர் உதவி எண்ணை அழையுங்கள்.