வெள்ளம் தாங்கும் சப் 1 நெல்: டெல்டா விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

சம்பாப் பயிர் ஒரு வாரம் மூழ்கினாலே அழுகிவிடுகிறது. சி.ஆர். 1009 சப் 1 என்ற நெல் ரகம் மட்டும் எப்படித் தப்புகிறது ஐயா?

மூழ்கிய சாதாரண நெல், நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட அவசரமாக நீளும். அதில் சேமித்த மாவுச்சத்து எல்லாம் தீர்ந்துபோகும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பின்றிச் சாயும். சப் 1ஏ மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை அடக்கிக்கொண்டு சத்தைக் காக்கிறது. வடிந்தபின் அந்தச் சத்தைக் கொண்டு புது இலையும் தூரும் (அடியிலிருந்து கிளைக்கும் பக்கத் தண்டுகள்) விடுகிறது. ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கும். கலங்கல் நீராக இருந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது, தாங்கும் நாள் குறையும். இந்தக் குணத்தைத் தந்தது எஃப்.ஆர். 13ஏ, ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. மரபணு அடையாளம் காணப்பட்டது 2006இல்தான். அதுவரை அந்த நெல்லைக் கைவிடாமல் காத்த உழவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. நெல்லோடு நெல்லைக் கலந்து, திரும்பத் திரும்பத் தாய் ரகமான சி.ஆர். 1009 உடன் சேர்த்து உருவாக்கியது. அதனால்தான் வயதும் அரிசியும் பழைய சி.ஆர். 1009 போலவே இருக்கின்றன.

கதிர் வந்தபின் மூழ்கினால்?

காப்பாற்றாது. தூர் கட்டும் பருவத்து வெள்ளத்துக்குத்தான் இது. விதைத்த உடனே மூழ்கும் வயலுக்கும், மாதக்கணக்கில் நீர் தேங்கும் வயலுக்கும் இதை நம்பி இறங்காதீர்கள்.

தண்ணீர் வடிந்ததும் யூரியா போடலாமா?

உடனே வேண்டாம். புது இலை தெரியட்டும். பிறகு யூரியாவோடு பொட்டாஷும் சேர்த்து இடுங்கள்.

எங்கள் ஊரில் விதை வந்தவுடன் பெரிய விவசாயிகளே வாங்கிவிடுகிறார்கள். பள்ளத்து வயல்காரர்கள் என்ன செய்வது?

என்னை மிகவும் வருத்தும் விஷயம் இது. சுவர்ணா என்ற ரகத்தில் இதே மரபணுவைச் சேர்த்த சுவர்ணா சப் 1 நெல்லை வைத்து ஒடிசாவில் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் சாதாரண சுவர்ணாவைவிட 45 சதவீதம் கூடுதல் மகசூல் கிடைத்தது. தாழ்ந்த நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதி விவசாயிகளிடமே இருப்பதால், அதிகப் பயன் அவர்களுக்குத்தான் என்றும் அந்த ஆய்வு காட்டியது. விநியோகத்தில் முதல் மூட்டை பள்ளத்து வயலுக்கே போக வேண்டும். கிராம சபையிலேயே இதைக் கேளுங்கள். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், அதனால் அறுவடை செய்த நெல்லையே விதையாக வைத்தாலும் ரகத்தின் குணம் மாறாது. ஒருவர் சான்று விதை வாங்கி, கலப்புப் பயிரைக் களைந்து, ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைத்தால், அடுத்த சம்பாவுக்கு அக்கம்பக்கத்தாருக்கும் விதை கொடுக்கலாம்.