தலைவரி – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

கனடாவின் ஆசியக் குடியேறிகள் பற்றிய உங்கள் கட்டுரையில் சீனர்கள் உள்ளே நுழைய ஆளுக்கு ஆள் கட்டவேண்டியிருந்த தலைவரியையும், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களை முகாமுக்கு அனுப்பியதையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்தீர்கள். முன்னது வெறும் வரி. பின்னது போர்க்கால நடவடிக்கை, எந்த அரசும் செய்வதுதான். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடும் கொடுத்தாயிற்று. இன்னும் ஏன் கிளற வேண்டும்?

– ஒரு வாசகர், பர்னபி

அன்புள்ள நண்பருக்கு,

சேர்த்து எழுதியதற்குக் காரணம், இரண்டுமே குடும்பத்தின் மேல்தான் கைவைத்தன. தனி ஆளாக வந்து உழைத்துவிட்டுப் போகிற ஆசியர் கனடாவின் மேற்குக் கரை மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வேண்டியிருந்தார். மனைவி மக்களோடு ஊன்றிவிடுகிறவர் வேண்டியிருக்கவில்லை.

வெறும் வரி என்கிறீர்கள். கனேடியன் பசிபிக் ரயில்பாதை போட 15,000க்கும் மேற்பட்ட சீனர்கள் வந்தார்கள். பாதை முடிந்த 1885இலேயே தலைவரியும் வந்துவிட்டது. முதலில் 50 டாலர், 1900இல் 100, 1903இல் 500. கூலியாளுக்கு அது ஏறத்தாழ இரண்டு வருடச் சம்பாத்தியம். கடன் வாங்கிக் கட்டியவர் அந்தக் கடனை அடைப்பாரா, மனைவிக்கு இன்னொரு 500 சேர்ப்பாரா? 1911 கணக்கெடுப்பில் 100 சீனப் பெண்களுக்கு 2,790 சீன ஆண்கள் இருந்தார்கள்.

அப்புறம் 1923 ஜூலை 1 முதல் சீனர்களுக்குக் கதவையே அடைத்துவிட்டார்கள். 1947 வரை உள்ளே விடப்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. கணவன் வான்கூவரில் துணி வெளுப்பார், மனைவி குவாங்டாங் கிராமத்தில் இருப்பார். சில வருடங்களுக்கு ஒருமுறை அவர் கப்பலேறிப் போய்வந்தால்தான் உண்டு. கனடாவிலேயே பிறந்த சீனக் குழந்தைகளையும் பதிவுசெய்யச் சொன்னார்கள். சி.ஐ.45 என்ற அந்தச் சான்றிதழில் குழந்தையின் புகைப்படம் இருக்கும். கூடவே, இது கனடாவில் எந்தச் சட்ட அந்தஸ்தையும் நிறுவாது என்ற வரியும் அச்சிடப்பட்டிருக்கும். பிறந்த நாட்டிலேயே கைக்குழந்தைக்கு இப்படி ஒரு காகிதம்!

ஜப்பானியர் கதை சற்று வேறு. ஜப்பானோடு செய்துகொண்ட 1908 ஒப்பந்தம் ஆண்களின் வரவை ஆண்டுக்கு 400 என்று கட்டுப்படுத்தினாலும் மனைவிமார் வர வழிவிட்டது. குடும்பங்கள் வேர்பிடித்தன. மீன்பிடி படகு, பழத்தோட்டம், கடை என்று சேர்த்தார்கள். 1942இல் அத்தனையும் போயிற்று. மேற்குக் கடற்கரையிலிருந்து 100 மைலுக்குள் வாழ்ந்த சுமார் 21,000 பேரை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் கனடாவில் பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். கொண்டுபோக அனுமதித்தது ஆளுக்கு 150 பவுண்ட் எடைச் சாமான், குழந்தைக்கு 75. வான்கூவர் ஹேஸ்டிங்ஸ் பூங்காவில் கால்நடைக் கொட்டில்களில் பெண்களையும் குழந்தைகளையும் தங்கவைத்தார்கள். போர்வையைத் தொங்கவிட்டால் அதுதான் மறைப்பு. ஆண்களைச் சாலை போடும் முகாம்களுக்குப் பிரித்தனுப்பினார்கள். குடும்பம் பிரியக் கூடாதென்றால் ஆல்பர்ட்டாவிலோ மானிடோபாவிலோ சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்களில் வேலை செய்ய வேண்டும். பிள்ளைகுட்டிகளோடு போனவர்கள் பலர்.

சரி, போர்க்கால நடவடிக்கை என்றே வைத்துக்கொள்வோம். ஒருவர்மேலும் நாசவேலைக் குற்றச்சாட்டு இல்லை என்று 1944இல் பிரதமர் மெக்கன்சி கிங்கே நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் 1943 முதலே அவர்களுடைய வீடுகளையும் பண்ணைகளையும் அவர்களைக் கேட்காமலே விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்ற பணத்திலேயே முகாமில் அவர்களுக்கு ஆன செலவைக் கழித்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு ஒரு வீட்டுத் தையல் இயந்திரத்தை ஏன் ஏலம் விட வேண்டும்? ஜப்பான் சரணடைந்தது 1945இல். கடற்கரைக்குத் திரும்ப அனுமதி கிடைத்ததோ 1949 ஏப்ரல் 1இல். இடையில் சுமார் 4,000 பேரை ஜப்பானுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களில் பலர் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை.

நஷ்டஈட்டுக்கு வருகிறேன். 1988இல் உயிரோடிருந்த ஜப்பானியர்களுக்குத் தலா 21,000 டாலர் கிடைத்தது. சீனர்களுக்கு 2006இல் 20,000 டாலர், அதுவும் வரி கட்டியவரோ அவருடைய மனைவியோ உயிரோடிருந்தால் மட்டும். வரி கட்டியவர்கள் 80,000க்கும் மேல். அன்று பணம் வாங்க மிஞ்சியிருந்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. தாய் தகப்பன் இருவரும் இறந்துபோன பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அப்பாவைப் பிரிந்து வளர்ந்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தானே! அதனால் 'கொடுத்தாயிற்று' என்று நீங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

அன்புடன்.