வேறு சர்வரில் இருக்கும் லெம்மி குழுவில் சேர, அங்கேயும் ஒரு கணக்கு தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஒரே கணக்கு போதும். லெம்மி என்பது ரெட்டிட் மாதிரி, குழுக்களாகப் பிரிந்து பேசும் தளம். ஆனால் ஒரே இடத்தில் இல்லை, பலர் தனித்தனியாக நடத்தும், ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சர்வர்களில் ஓடுகிறது.

ஒரு சர்வரில் கணக்கு வைத்திருக்கிறேன், வேறு சர்வரில் இருக்கும் குழுவில் போய் சப்ஸ்கிரைப் அழுத்தினால் லாகின் கேட்கிறது, என் பாஸ்வேர்டைப் போட்டால் தப்பு என்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சர்வருக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன். 2023-இல் ரெட்டிட் தன் ஏபிஐக்கு (வெளி ஆப்கள் அதன் பதிவுகளை எடுக்கும் வழி) கட்டணம் வைத்து, அப்போலோ போன்ற வெளி ஆப்கள் ஜூன் 30-ஓடு கடையைக் கட்டியபோது, கோபித்துக்கொண்டு கிளம்பிய கூட்டத்தோடு லெம்மிக்கு வந்தேன். முதல் வாரத்திலேயே மூன்று சர்வரில் மூன்று கணக்கு. எதில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். குழுவின் முழு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆச்சரியக்குறி, அப்புறம் குழுவின் பெயர், அப்புறம் அட் குறி, கடைசியில் சர்வர் பெயர்: !செல்ஃப்ஹோஸ்டட்@லெம்மி.வேர்ல்ட் என்கிற மாதிரி (தட்டுவது ஆங்கில எழுத்தில்தான்). உங்கள் கணக்கு இருக்கும் சர்வரில் லாகின் செய்து, அங்கே இருக்கும் தேடல் பெட்டியில் இதை ஒட்டுங்கள். முதல் தடவை ‘எதுவும் இல்லை’ என்று கையை விரிக்கலாம். பத்து விநாடி கழித்து மறுபடி தேடுங்கள், வந்து நிற்கும். அங்கேயே சப்ஸ்கிரைப் அழுத்துங்கள்.

ஏன் இந்தச் சுற்றுவழி? ஊர்ப் பெட்டிக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காத பத்திரிகையைக் கடைக்காரர் வரவழைக்க மாட்டார். யாராவது ஒருவர் போய் “அண்ணே, எனக்கு அந்தப் புத்தகம் வாரா வாரம் வேணும்” என்று சொன்னால்தான் ஏஜென்டிடம் சொல்லிவைப்பார். அதற்குப் பிறகு அது கடைவாசலில் தொங்கும், ஊரே பார்க்கலாம். பழைய இதழ்கள் வராது, கேட்ட நாளிலிருந்துதான். லெம்மியும் அப்படியே. உங்கள் சர்வரில் அந்தக் குழுவை முதன்முதலில் கேட்கும் ஆள் நீங்கள் என்றால், அதுவரை அங்கே அதன் சுவடே இருக்காது. நீங்கள் கேட்டதும் சமீபத்திய சில பதிவுகள் மட்டும் வந்து இறங்கும், அவற்றின் பழைய பின்னூட்டங்கள் இல்லாமல். குழு செத்துக் கிடக்கிறதோ என்று பலர் திரும்பிப்போவது இந்த இடத்தில்தான். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

உள்ளே நடப்பது: உங்கள் சர்வர், ‘என் ஆள் ஒருவர் பின்தொடர விரும்புகிறார்’ என்று அந்தச் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். ‘சரி’ என்று பதில் வரும். அதன்பின் குழுவில் விழும் ஒவ்வொரு பதிவையும், பின்னூட்டத்தையும், வாக்கையும் அந்தச் சர்வர் உங்கள் சர்வருக்குத் தள்ளிவிடும். இந்தப் பேச்சுவார்த்தைக்கான நெறிமுறைதான் ஆக்டிவிட்டிபப், 2018 ஜனவரியில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரநிலையாக ஏற்றது. ‘சப்ஸ்கிரைப் பெண்டிங்’ என்றே நின்றால் அந்தச் ‘சரி’ இன்னும் வந்து சேரவில்லை என்று பொருள். ரத்து செய்துவிட்டு மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஆக, நீங்கள் படிப்பது குழுவை அல்ல, உங்கள் சர்வரில் இருக்கும் அதன் நகலை. இது மண்டையில் ஏறிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே பதிவுக்கு அங்கே நூற்றுச்சொச்சம் பின்னூட்டம், இங்கே பதினாலு என்று காட்டுவது இதனால்தான்.

இதன் விசித்திரமான உச்சத்தை 2023 ஜூனில் பார்த்தோம். பீஹா என்ற சர்வர், யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம் என்றிருந்த லெம்மி.வேர்ல்டோடு உறவை முறித்துக்கொண்டது. வந்து குவிந்த கூட்டத்தைக் கட்டிமேய்க்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயம்தான் என்பது என் கருத்து. ஆனால் பீஹா குழுக்களின் நகல் லெம்மி.வேர்ல்டில் அப்படியே கிடந்தது. அங்கிருந்தவர்கள் அதில் தொடர்ந்து எழுதினார்கள், ஒருவருக்கொருவர் பதிலும் போட்டுக்கொண்டார்கள். ஒரு வரிகூட பீஹாவுக்குப் போய்ச் சேரவில்லை. கல்யாண வீட்டார் எப்போதோ கிளம்பிப்போன மண்டபத்தில் உட்கார்ந்து பந்திக்குக் காத்திருந்த மாதிரி. உங்களுக்கு ஒரு குழு திடீரென்று ஊமையாகிவிட்டால், இரண்டு சர்வருக்கும் இடையே தடை இருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் முகவரியோடு ‘/இன்ஸ்டன்ஸஸ்’ சேர்த்தால் வரும் பக்கத்தில் தடைப்பட்டியல் இருக்கும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொன்று, மொழி அமைப்பு. ஆசையாகத் தமிழை மட்டும் டிக் செய்துவிட்டு, பக்கம் காலியாக இருக்கிறதே என்று நானே அரை மணி நேரம் முழித்தேன். பெரும்பாலானவர்கள் பதிவுக்கு மொழி குறிப்பதே இல்லை. அவையெல்லாம் ‘அன்டிட்டர்மின்ட்’ (மொழி குறிக்காதவை) என்ற பிரிவில் சேரும். அதையும் டிக் செய்யாவிட்டால் ஒன்றும் தெரியாது.

ட்விட்டர் மாதிரியான, ஆக்டிவிட்டிபப் பேசும் மாஸ்டடானிலிருந்தும் லெம்மி குழுவைப் பின்தொடரலாம், ஆச்சரியக்குறிக்குப் பதில் அட் குறி போட்டுத் தேட வேண்டும். நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவு மட்டுமல்ல, ஒவ்வொரு பின்னூட்டமும் பூஸ்ட்டாக (மறுபகிர்வாக) வந்து டைம்லைனை அடைத்துவிடும். அவசியம் என்றால் தனி லிஸ்டில் போட்டு, ஹோமிலிருந்து மறைத்துவிடுங்கள்.

அப்புறம், ஒரே பெயரில் பல குழு இருக்கும். டெக்னாலஜி என்ற பெயரில் லெம்மி.வேர்ல்டில் ஒன்று, பீஹாவில் ஒன்று, லெம்மி.எம்எல்லில் ஒன்று. மூன்றும் வேறு வேறு, ஒன்றில் போட்டது மற்றதில் வராது. எல்லாவற்றிலும் சேர்ந்துவிட்டு, போரடிப்பதைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, சர்வர்கள் சாகும். என் முதல் சர்வர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனது. ஒரு வருடமாகச் சேர்த்த குழுக்களின் பட்டியலும் அதோடு போயிற்று. பெரியவையும் விதிவிலக்கல்ல, லெம்.ஈஈ 2025 ஜூனோடு மூடப்பட்டது. 2023 டிசம்பரில் வந்த 0.19 பதிப்பிலிருந்து, செட்டிங்ஸ் பக்கத்தில் எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கிறது. பின்தொடரும் குழுக்கள், தடை செய்த ஆட்கள் எல்லாம் ஒரே ஃபைலில் வரும், புது சர்வரில் இம்போர்ட் செய்துகொள்ளலாம். எழுதிய பதிவுகள் வராது. கரண்ட் பில் கட்டும் நாளில் அதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்வது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.