லெய்செஸ்டர் அல்ல, லெஸ்டர்: ஊர்ப் பெயரைக் காதால் படியுங்கள்

கேள்வி: மேற்படிப்புக்காக இங்கிலாந்தில் லெய்செஸ்டர் நகருக்குப் போகிறேன். தங்கும் அறை பற்றிப் போனில் விசாரித்தபோது, நான் சொன்ன ஊர்ப் பெயர் எதிர்முனையில் இருந்தவருக்குப் புரியவே இல்லை. எழுத்துக்கூட்டிச் சொன்ன பிறகுதான் "ஓ, லெஸ்டரா!" என்றார். என் தோழிக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வொர்செஸ்டர் என்ற ஊரில் இடம் கிடைத்திருக்கிறது. அதுவும் இப்படித்தானா? போய் இறங்குவதற்குள் இந்தப் பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழக வழி உண்டா?

பதில்: உங்கள் ஊர் லெஸ்டர்தான். தோழியின் ஊர் வுஸ்டர். அந்த ஊர்க்காரர்கள் பலர் கடைசி ரகரத்தையும் விட்டுவிட்டு 'வுஸ்டா' என்பார்கள்.

நீங்கள் தடுமாறியதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் எழுத்துக்கு எழுத்து வாய் திறந்து படித்துப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் ஓர் அசையில்தான் அழுத்தம் விழும். மற்ற அசைகள் தேய்ந்து போகும். ஊர்ப் பெயர் அங்கே இருப்பவர்கள் வாயில் தினமும் புழங்குவதால் மற்றச் சொற்களைவிட அதிகமாகத் தேயும். எழுத்து மட்டும் பழைய வடிவத்திலேயே நின்றுவிடும்.

லெஸ்டரையே பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல், இ, ஐ, சி, இ, எஸ், டி, இ, ஆர். இதை நாம் 'லெய்' என்று நிறுத்தி, 'செஸ்டர்' என்று தொடங்குகிறோம். வெட்ட வேண்டிய இடம் அதுவல்ல. 'சி, இ' இரண்டையும் முன்பாதியோடு சேர்த்துவிட்டு அதற்குப் பிறகு வெட்டுங்கள். முன்பாதி 'லெஸ்', பின்பாதி 'ஸ்டர்'. சேர்த்துச் சொன்னால் லெஸ்டர். இதே வெட்டு வுஸ்டருக்கும் க்ளாஸ்டருக்கும் பொருந்தும். பிஸ்டர் என்று ஓர் ஊர், எழுத்தில் 'டவ்செஸ்டர்' என்று தெரிந்தாலும் ரொட்டி வாட்டும் டோஸ்டர் போலவே ஒலிக்கும் இன்னோர் ஊர், இரண்டும் இந்தக் குடும்பம்தான். ரோமானியர் படை முகாமைக் குறித்த 'காஸ்ட்ரா' என்ற லத்தீன் சொல்தான் இந்தப் பின்பாதிக்கு மூலம். மான்செஸ்டரின் 'செஸ்டர்', லங்காஸ்டரின் 'காஸ்டர்' எல்லாம் அதே வேர்தான். ஆனால் சைரன்செஸ்டர் என்ற ஊரை இன்று முழுசாகவே சொல்கிறார்கள். லெஸ்டரில் கற்ற பாடத்தை அங்கே போட்டால் தப்பாகிவிடும்.

அதனால் ஈறுகளைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அவற்றையே சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ஹாம்' என்று முடிவது பெரும்பாலும் 'அம்' ஆகும்: பர்மிங்கம், நாட்டிங்கம். 'மவுத்' என்பது 'மத்' ஆகும்: போர்ட்ஸ்மத். 'விச்', 'விக்' ஈறுகளில் வகரம் பல இடங்களில் விழுந்துவிடும்: க்ரெனிச், வாரிக். இப்ஸ்விச்சிலோ அது அப்படியே நிற்கிறது. லண்டனில் 'சவுத்வார்க்' என்று எழுத்தில் தெரிவது வாயில் 'சதக்'. நடுவில் வரும் 'த', நம் 'அது'வில் வரும் அதே மெல்லிய ஒலி. அந்த வகையில் தமிழருக்கு இது எளிது.

நீங்கள் போகும் லெஸ்டர்ஷர் வட்டாரத்திலேயே கவனிக்க வேண்டிய பெயர்கள் உண்டு. பல்கலைக்கழக ஊரான லஃப்பரா. தமிழில் நெடில் போட்டு எழுதினாலும், ஈற்றில் ஒலிப்பது நெடில் அல்ல, அரைகுறையான அகரம். 'க்ரோபி' என்று படிக்கத் தோன்றும் ஊர் க்ரூபி. 'பெல்வுவார்' என்ற பிரெஞ்சுப் பெயர் கொண்ட கோட்டையை, அழகிய காட்சி என்று பொருள் தரும் அந்தப் பெயரை, அங்கே எல்லோரும் 'பீவர்' என்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் வைமண்டம். லெஸ்டர்ஷரில் உள்ள இந்தச் சிற்றூரை எழுத்துப்படி சொல்லலாம். நார்ஃபோக் வட்டாரத்தில் அதே எழுத்துகள் கொண்ட ஊரோ 'விண்டம்'. எழுத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியவராது.

இங்கிலாந்துப் பெயர் அமெரிக்கா போனால் அதே ஒலியோடுதான் போகும் என்றும் எண்ண வேண்டாம். வுஸ்டர் அப்படிப் போனது. ஆனால் அலபாமாவில் பர்மிங்கம், 'பர்மிங்ஹாம்' ஆகிவிட்டது. லண்டனில் டெம்ஸ் ஆறு, கனெக்டிகட்டில் அதே எழுத்தில் 'தேம்ஸ்' ஆறு. டெக்சாஸில் ஹியூஸ்டன் நகரம், நியூயார்க்கில் ஹவுஸ்டன் தெரு. இல்லினாயில் உள்ள கெய்ரோவை 'கேரோ' என்பார்கள். ஆர்கன்சா மாநிலமோ தன் பெயரை எப்படிச் சொல்வது என்று 1881-ல் சட்டமன்றத்திலேயே தீர்மானம் போட்டது. கன்சாஸ்காரர்கள் அதே பெயருள்ள ஆற்றை இன்றும் 'ஆர்கான்சஸ்' என்கிறார்கள்.

இனி, புறப்படும் முன் செய்ய வேண்டியது. உங்கள் பாதையில் வரும் ஊர்கள் பத்துப் பதினைந்தை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அந்த வட்டார வானொலியிலோ, ரயில் அறிவிப்பிலோ, நகர மன்றக் கூட்டப் பதிவிலோ தேடிக் கேளுங்கள். வரைபடச் செயலியின் குரலை நம்பாதீர்கள், அது பல சமயம் எழுத்தைப் பார்த்துத்தான் படிக்கிறது. அகராதியில் ஒலிக்குறியீடு இருந்தால், மேலே நிற்கும் சிறு கோட்டைப் பாருங்கள். அதற்கு அடுத்த அசையில்தான் அழுத்தம். தலைகீழ் 'e' போன்ற குறி வருமிடத்தில் உயிரொலியை அழுத்தாமல் விட்டுவிடுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி வைப்பது உதவும். ஆனால் சொல் முதலில் வரும் 'ட' ஆங்கில 't' ஒலியா 'd' ஒலியா என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டெம்ஸ் தப்பாகிவிடும்.

உள்ளூர்க்காரர்களின் பேச்சுச் சாயலையும் பின்பற்ற வேண்டுமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. வேண்டாம். அசையும் அழுத்தமும் சரியாக இருந்தால் போதும், குரல் உங்களுடையதாகவே இருக்கட்டும். சில ஊர்களில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஷ்ரோஸ்பரியா, ஷ்ரூஸ்பரியா என்று அந்த ஊரிலேயே இரு கட்சி. அப்படிப்பட்ட இடத்தில் எதைச் சொன்னாலும் புரியும்.

முதல் சில வாரங்களுக்குப் பயணச்சீட்டு வாங்கும்போது பெயரைச் சொல்லிக்கொண்டே போன் திரையில் எழுத்தையும் காட்டுங்கள். சீட்டைக் கொடுப்பவர் அந்தப் பெயரை எப்படித் திருப்பிச் சொல்கிறார் என்று கவனித்து, அங்கேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.